ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டும் முன்

புது லேப்டாப் வாங்கிய சில மாதங்களில் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி முளைக்கும். 'உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது, உடனே புதுப்பியுங்கள்' என்று மிரட்டும். பதறிப்போய்க் கார்டு எண்ணைத் தட்டிவிடாதீர்கள். முதலில் அந்தப் பெட்டியை உற்றுப் பாருங்கள். குரோம் என்ற பெயரும் ஏதோ ஒரு இணைய முகவரியும் பொடி எழுத்தில் இருந்தால், அது ஆன்டிவைரஸ் அனுப்பியதே அல்ல. எங்கோ ஒரு தளத்தில் 'அலோ' பட்டனை அழுத்தியதன் விளைவு. பிரவுசர் செட்டிங்ஸில் அந்தத் தளத்தின் நோட்டிஃபிகேஷனை நிறுத்தினால் தொல்லை ஒழியும்.

லேப்டாப்போடு வந்த ஆன்டிவைரஸின் டிரையல் உண்மையிலேயே முடிந்திருந்தாலும் கம்ப்யூட்டர் காவலில்லாமல் போய்விடாது. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்தே டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. டிரையலை அன்இன்ஸ்டால் செய்தால் அது பொறுப்பேற்றுக்கொள்ளும். ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து பச்சை டிக் தெரிகிறதா என்று பாருங்கள்.

'இலவசம்தானே, என்ன தரம் இருக்கும்?' என்பார்கள். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம், வைரஸைப் பிடிக்கும் திறன், கம்ப்யூட்டரின் வேகத்தைக் குறைக்காமை, நல்ல ஃபைலைத் தவறாகப் பிடிக்காமை என மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் போடுகிறது. டிஃபெண்டர் பலமுறை 18-க்கு 18 வாங்கியிருக்கிறது. வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் பாடம், ரயில் டிக்கெட் என்ற அளவில் புழங்கும் கம்ப்யூட்டருக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து.

பிள்ளைகளைக் கண்காணிக்கும் வசதி வேண்டும், நாலைந்து கருவிகளுக்குச் சேர்த்து வேண்டும் என்பவர்கள் காசு கொடுத்து வாங்கலாம். சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் என நம் நாட்டுத் தயாரிப்புகளும் உண்டு. முதலாண்டுத் தள்ளுபடியைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் ஆண்டு எவ்வளவு, பணம் தானாகப் பிடிக்கப்படுமா என்று விசாரியுங்கள். இரண்டு ஆன்டிவைரஸை ஒரே கம்ப்யூட்டரில் போடாதீர்கள். ஒன்றோடொன்று மோதி இரண்டுமே கெடும். இலவசம் என்று வருவதையெல்லாம் நம்பவும் கூடாது. மக்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்க்கிறார்கள் என்ற விவரங்களைத் திரட்டி விற்றதற்காக, அவாஸ்ட் நிறுவனம் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் உத்தரவிட்டது.

ஆன்டிவைரஸை விடப் பெரிய காவல் அப்டேட். 2017 மே 12-ல் வானாக்ரை என்ற தீய புரோகிராம் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே தந்துவிட்டது. அதைப் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டர் 11-க்கு மாறுமா என்று பார்த்துவிடுங்கள். திருட்டு 'கிராக்' சாஃப்ட்வேர் பக்கமே போகாதீர்கள். 'இன்ஸ்டால் செய்யும்முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யுங்கள்' என்று ஒரு புரோகிராம் கேட்டால், அதை அப்போதே அழித்துவிட வேண்டும்.

குடும்பப் போட்டோக்களையும் பத்திர நகல்களையும் தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவைத்து, அதைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வையுங்கள். எவ்வளவு கவனமாக இருந்தும் ஆன்லைன் மோசடியில் பணம் பறிபோனால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.