கடை வாசல் வரை வருவதும் வேலைதான்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மண்டியில் கணக்கு எழுத ஒரு தம்பி இருந்தார். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் பாதிக்கப்பட்டு, ஊன்றுகோலுடன் நடப்பவர். பேரேட்டில் ஒரு பைசா பிசகாது. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் தாமதமாக வருவார். இரண்டு முறை கண்டித்தோம். மூன்றாம் முறை அரை நாள் சம்பளத்தைப் பிடித்தோம். அடுத்த மாதமே அவர் நின்றுவிட்டார்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. காலை எட்டரை மணி பஸ்ஸில் படிக்கட்டு வரை கூட்டம் தொங்கும். ஏற முடியாமல் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் வருவாராம். நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவரைப் போன்ற கணக்கப்பிள்ளை அதன்பின் வெகுநாள் வரை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பஸ் விடுவது சர்க்கார் வேலை, நமக்கென்ன என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சர்க்கார் தன் பங்குக்குச் சிலவற்றைச் செய்திருக்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மாற்றுத்திறனாளிகள் கட்டணமின்றிச் செல்கின்றனர். 2024-ல் சென்னையில் தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. ஆனால் சிறு நகரங்களில் உயரப் படி வைத்த பஸ்களே மிகுதி. டிக்கெட் இலவசம் என்பதால் படியின் உயரம் குறைந்துவிடாது.

சட்டமும் நம்மை விட்டுவிடவில்லை. 2016-ல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடையாக இருந்தாலும், மாற்றுத்திறனாளிகள் தம் வேலையைச் சரிவரச் செய்ய என்ன வசதி தருகிறோம் என்பது அதில் இருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய முதல் தேவையில்லை. பிறகு வந்த இன்னொரு சிப்பந்தி விஷயத்தில் நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, நேரம். கூட்டம் குறைந்தபின் பத்து மணிக்கு வந்து, மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கச் சொன்னோம். மண்டிக்கு நட்டம் ஏதுமில்லை.

இரண்டாவது, வண்டி. மழைக்காலத்துக்கு மட்டும் தெரிந்த ஆட்டோக்காரரிடம் மாத வாடகை பேசி, பாதியை நாங்கள் கொடுத்தோம். நம் சரக்கு வண்டியிலேயே ஏற்றி வரலாமே என்று சிலர் கேட்டனர். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம், ஆபத்தும் கூட.

மூன்றாவது, ஸ்கூட்டர். கூடுதல் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைத் தகுதியுள்ளவர்களுக்கு அரசு விலையின்றி வழங்குகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும். வேலையில் இருப்பதற்குச் சான்று கேட்டால், நாளைக்கு வா என்று இழுக்காமல் கடைத் தாளில் எழுதி முத்திரை வைத்துக் கொடுப்பது நம் கடமை. வண்டி வந்தபின் நிறுத்த இடமும் வேண்டும்.

நான்காவது, வாசல். எவ்வளவோ பாடுபட்டுப் பஜார் வரை வருபவர், நாம் அடுக்கிய மூட்டைகளைத் தாண்ட முடியாமல் நிற்கக்கூடாது. மூன்றடி அகலப் பாதை விட்டால் சக்கர நாற்காலியும் போகும். சாய்தளத்துக்கு ஒரு அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறடிச் சாய்தளம் போதும். தள்ளுவண்டியில் மூட்டை ஏற்றுவதும் அதனால் எளிதாயிற்று. முழங்கால் வலியுள்ள வாடிக்கையாளரும் அதன் வழியாகவே வருகிறார்கள்.

நம் கடைகளில் இப்படி ஒருவர் வேலை செய்தால், சம்பளம் பிடிக்கும் முன் அவரிடம் ஒரு கேள்வி கேட்போம்: "தம்பி, வீட்டிலிருந்து எப்படி வருகிறீர்கள்?" அன்று எங்களுக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி அது.