தானுந்து மின்பழுது கண்டறிதல்

தானுந்து மின்பழுது கண்டறிதல் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் தானுந்தின் பொறி திடீரென நின்றுபோவதற்கும், விளக்குகள், மானிகள் முதலியன தாறுமாறாக இயங்குவதற்கும் காரணமான மின்குறையை அளவீடுகளின் மூலம் தேடிக் காணும் முறையாகும். இவ்விரு குறைகளும் ஒருசேரத் தோன்றினால், பொறிக்கும் விளக்குகளுக்கும் மின்சாரம் வழங்கும் பொதுவான பாதையிலேயே பழுது இருக்க வாய்ப்பு மிகுதி. எனவே உதிரிப்பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதற்கு முன் அப்பொதுப் பாதையை அளந்து பார்ப்பதே முறையாகும்.

பின்னணி

தற்காலப் பெட்ரோல் பொறியில் எரிபொருள் பம்பு, எரிபொருள் தெளிப்பான்கள், தீப்பொறிச் சுருள், கட்டுப்பாட்டுக் கணினி ஆகிய யாவும் மின்சாரத்தால் இயங்குகின்றன. இவற்றில் ஒன்றுக்கு மின்னழுத்தம் நொடிப்பொழுது அற்றுப்போனாலும் பொறி நின்றுவிடக்கூடும். எந்திர முறைப் பம்பு கொண்ட பழைய டீசல் பொறிகள் ஒருமுறை இயங்கத் தொடங்கிய பின் மின்சாரத்தை மிகக் குறைவாகவே சார்ந்திருந்தன.

தானுந்தில் மின்சாரத்திற்கு இரு மூலங்கள் உள்ளன. பொறியை முடுக்கும்போது மின்கலம் அதனை வழங்குகிறது. பொறி ஓடத் தொடங்கியதும் வார்ப்பட்டையால் சுழற்றப்படும் ஆல்டர்னேட்டர் மின்சுமையைத் தாங்குவதுடன் மின்கலத்தையும் மின்னேற்றுகிறது. மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழியாக வண்டியின் உலோக உடலே பயன்படுகிறது. உடலையும் பொறியையும் மின்கலத்தின் எதிர்முனையுடன் இணைக்கும் தடித்த கம்பிகளைப் பட்டறைகளில் எர்த் கம்பி என்பர்.

அறிகுறிகளை வகைப்படுத்தல்

பொறி நின்ற கணத்தில் மற்றக் கருவிகள் எந்நிலையில் இருந்தன என்பதே முதற்கேள்வியாகும்.

* விளக்குகளும் மானிகளும் பொறியுடன் ஒரே கணத்தில் அணைந்தால், மின்கல முனைகள், எர்த் கம்பி, முதன்மை உருகி, இக்னிஷன் சுவிட்ச் ஆகியவற்றை முதலில் ஐயுறலாம்.
* விளக்குகள் மெல்ல மங்கி, எச்சரிக்கை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி, அதன்பின் பொறி நின்றால், ஆல்டர்னேட்டர் மின்னேற்றவில்லை எனக் கருதலாம்.
* மற்ற மின்கருவிகள் குறையின்றி இயங்கப் பொறி மட்டும் நின்றால், எரிபொருள் பம்பு, அதன் ரிலே, கிராங்க் தண்டின் நிலையை உணரும் உணரி ஆகியவை காரணமாகலாம். சூடேறியதும் பொறி நின்று, ஆறியபின் மீண்டும் இயங்குவது இவ்வுணரி பழுதுறும்போது காணப்படும் அறிகுறிகளுள் ஒன்றாகும்.

மின்னழுத்த அளவீடுகள்

இச்சோதனைகளுக்கு ஒரு மல்டிமீட்டர் போதுமானது. தானுந்தின் ஈய-அமில மின்கலம் தொடராக இணைந்த 6 அறைகளைக் கொண்டது. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருவதால், சில மணி நேரம் ஓய்ந்திருந்த நிறைந்த மின்கலம் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12 வோல்ட்டும் அதற்குக் கீழும் காட்டினால் அது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது எனலாம். பொறி ஓடும்போது மின்கல முனைகளில் வழக்கமாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். கணினி வழியே மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் வண்டிகளில் இவ்வளவு மாறுபடலாம். முகப்பு விளக்கையும் காற்றூதியையும் இயக்கியபின் மின்னழுத்தம் 12.6 வோல்ட்டுக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால், ஆல்டர்னேட்டரையும் அதன் வார்ப்பட்டையையும் ஆராய வேண்டும்.

மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனை

விட்டுவிட்டுத் தோன்றும் பழுதுகளில் பல, இணைப்புகளின் மின்தடையால் உண்டாகின்றன. இங்கு ஓம்மானி ஏமாற்றக்கூடும். கம்பியின் இழைகள் யாவும் அறுந்து ஓரிழை மட்டும் எஞ்சினாலும், ஓம்மானி செலுத்தும் சிறு மின்னோட்டத்திற்கு அது போதும். எனவே மானி ஏறத்தாழ சுழியத்தையே காட்டும். பெரும் மின்னோட்டம் பாயும்போதுதான் குறை வெளிப்படும்.

ஓமின் விதிப்படி, ஓர் இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்து, அதன் வழியே முடுக்கி மோட்டார் 200 ஆம்பியர் இழுத்தால், 2 வோல்ட் அவ்விணைப்பிலேயே வீணாகும். இதனைக் காண, மானியின் ஒரு முனையை மின்கலத்தின் எதிர்முனைத் தண்டிலும் மறுமுனையைப் பொறியின் உலோகப் பகுதியிலும் வைத்துப் பொறியை முடுக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை பழுதுற்றது எனக் கொள்ளலாம். முனைகளில் பூத்திருக்கும் படிவை நீக்கி இறுக்குவதே பலமுறை தீர்வாக அமையும்.

பழுதுக் குறியீடுகள்

ஐக்கிய அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு முதல் விற்கப்படும் தானுந்துகளில் ஓ.பி.டி-2 எனும் தற்கண்டறி அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. இதில் பி0562 என்பது மின்னழுத்தக் குறைவையும், பி0335 என்பது கிராங்க் உணரிச் சுற்றின் பழுதையும் குறிக்கும். குறியீடு எந்தச் சுற்றில் குறை காணப்பட்டது என்பதையே சொல்கிறது; எந்தப் பாகத்தை மாற்றவேண்டும் என்பதைச் சொல்வதில்லை. மின்னழுத்தம் குறைந்தால் குற்றமற்ற உணரிகளின் பெயரிலும் குறியீடுகள் பதிவாகக்கூடும்.

எடுத்துக்காட்டு: இக்னிஷன் சுவிட்ச் பழுது

2014ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவ்ரோலெட் கோபால்ட், சாட்டர்ன் அயான் முதலிய ஏறத்தாழ 26 இலட்சம் சிறு தானுந்துகளை இக்னிஷன் சுவிட்ச் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைத்தது. சுவிட்ச்சினுள் சாவியை அதன் நிலையில் நிறுத்தும் வில்லின் விசை போதாமையால், சாவிக்கொத்தின் எடையாலோ முழங்கால் இடிபடுவதாலோ சாவி ஓட்ட நிலையிலிருந்து நழுவியது. அப்போது பொறி நின்றது. திசைமாற்றியின் மின்துணை அற்றது. மோதலின்போது காற்றுப்பைகளும் விரியவில்லை.

சாவியை மீண்டும் திருப்பினால் பொறி இயங்கியதால் பழுது தடயமின்றி மறைந்தது. நிறுவனத்தினுள் இது நெடுங்காலம் வாடிக்கையாளர் வசதி சார்ந்த குறையாகவே வகைப்படுத்தப்பட்டிருந்தது. 2006இல் உட்பாகம் திருத்தப்பட்டபோதும் பாகத்தின் எண் மாற்றப்படவில்லை. இதனால், பழைய வண்டிகளில் பழுதும் புதியவற்றில் பழுதின்மையும் ஏன் என்பது விளங்காமல் போனது. பழைய, புதிய சுவிட்ச்சுகளைப் பிரித்து ஒப்பிட்ட பின்னரே வேறுபாடு தெரியவந்தது. நிறுவனத்தின் இழப்பீட்டு நிதியம் 124 இறப்புகளுக்கான கோரிக்கைகளை ஏற்றது.

முன்னெச்சரிக்கைகள்

* ஓடும் பொறியில் மின்கலத்தைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது பழைய வழக்கம். இதனால் எழும் மின்னழுத்த எழுச்சி கட்டுப்பாட்டுக் கணினியைப் பழுதாக்கக்கூடும்.
* மின்கலத்தைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் கையாள வேண்டும்.
* ஓட்டத்தில் பொறி நின்றால் வெற்றிடத் துணை கொண்ட தடையில் ஓரிரு அழுத்தங்களுக்கே துணை எஞ்சியிருக்கும். ஆதலால் தடையை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி, வண்டியைச் சாலையோரம் நிறுத்துதல் வேண்டும்.