நல்ல முட்டை



"நல்லவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடலாம்" என்று எதிரணித் தலைவர் அடிச்சுச் சொல்லிவிட்டுப் போனார். அதை மறுக்க நான் ஒரு முட்டை கொண்டுவந்திருக்கிறேன். (சிரிப்பு) பயப்படாதீங்க ஐயா, வீசுறதுக்கு இல்லே. இது இங்கிலீஷ் முட்டை.

1974. எங்க அப்பா ஒரு மில்லிலே ஸ்டோர் கீப்பர். புது மெஷினை மாட்டிக் கொடுக்க இங்கிலாந்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து மூணு மாசம் தங்கினார். ஊருக்குத் திரும்பும்போது, தன்னோடு வேலை பார்த்தவங்களைப் பத்தி மேனேஜருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்பா பேருக்கு நேரே இரண்டே வார்த்தை: 'குட் எக்'. அதைப் பார்த்த கிளார்க் வெளியே வந்து, "என்னய்யா, துரை உமக்கு முட்டை போட்டுட்டுப் போயிட்டாரே!" என்றார். அப்பாவுக்கு அப்போ வேலை நிரந்தரமாகலை. எனக்கும் தங்கச்சிக்கும் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டணும். அன்னைக்கு ராத்திரி அவர் சாப்பிடலை.

கிளார்க்கைக் குத்தம் சொல்ல முடியுமா? தமிழ்லே முட்டைக்கு என்ன மரியாதை இருக்கு? பரீட்சையிலே சைபர் வாங்கினா முட்டை. மூளை இல்லேன்னா கூமுட்டை. (சிரிப்பு, கைதட்டல்)

ஆனா வெள்ளைக்காரன் கணக்கு வேறே. 'குட் எக்' என்றால் நல்ல மனுஷன், நம்பலாம் என்று அர்த்தம். 'பேட் எக்' என்றால் மூளை இல்லாதவன் இல்லே, யோக்கியதை இல்லாதவன். வேடிக்கை என்னன்னா, இந்த இரண்டிலே முதல்லே பிறந்தது கெட்ட முட்டைதான். 1850களிலேயே அமெரிக்க நாவலில் அது அச்சாகிவிட்டது. நல்ல முட்டை வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, இங்கிலாந்துப் பையன்களின் பேச்சு வழக்கிலே. நாம 'பலே!' என்கிற இடத்திலேயும் அவங்க 'குட் எக்!' என்று கத்துவாங்களாம். நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸ் மனுஷங்களையே முட்டை, பீன்ஸ் என்று கூப்பிட்டு, 1940இல் ஒரு கதைத் தொகுப்புக்குத் தலைப்பே அப்படி வைத்துவிட்டார்.

ஏன் முட்டை? தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபிரிட்ஜ் இல்லாத காலம். கேக்குக்கு மாவு, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் கலந்தாச்சு. அதிலே ஒரு அழுகல் முட்டை விழுந்தா அத்தனையும் குப்பைக்குத்தான். அதனாலே ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்திலே உடைச்சுப் பார்த்துச் சேர்ப்பாங்க. வெளியே இருந்து கண்டுபிடிக்க முடியாதா? முயற்சி பண்ணாங்க. ஓட்டிலே ஆயிரக்கணக்கிலே நுண்ணிய துளைகள் இருக்கு. நாளாக ஆக உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியேறும். காத்து உள்ளே போகும். அதனாலே தண்ணியிலே போட்டா புதுசு படுக்கும், பழசு மிதக்கும். ஆனா ஐயா, பழசெல்லாம் கெட்டதா? (நடுவரைக் காட்டுகிறார். பலத்த சிரிப்பு) மெழுகுவத்தி வெளிச்சத்திலே தூக்கிப் பிடிச்சும் பார்த்தாங்க. இன்னைக்கு மின்விளக்கு வந்தாச்சு, ஆனாலும் அந்தச் சோதனைக்குப் பேரு 'கேண்டிலிங்'தான். இத்தனைக்கும் அப்புறம் மூக்குக்கு நிச்சயமாகிறது உடைச்ச பிறகுதான்.

நாம 'தங்கமான மனுஷன்' என்கிறோம். பெரிய சொல்தான். ஆனா தங்கத்தைப் பெட்டியிலே பூட்டி வைக்கலாம், கெடாது. முட்டையை அப்படி வைக்க முடியுமா? எனக்கென்னவோ மனுஷனுக்கு முட்டைதான் பொருத்தமாகப் படுகிறது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இதை வேலை விண்ணப்பத்திலே எழுதாதீங்க. இது தோள்லே கை போட்டுப் பேசுற பேச்சு, கொஞ்சம் பழங்கால வாடையும் உண்டு. மகான்களுக்குச் சொல்ல மாட்டாங்க. கடன் கொடுத்துட்டு அதை வெளியே சொல்லாம இருக்கானே, அவனுக்குச் சொல்லுவாங்க.

இன்னொரு முட்டையும் இருக்கு. 1895இல் பஞ்ச் பத்திரிகையிலே டு மோரியே போட்ட கேலிச்சித்திரம். பிஷப் வீட்டிலே சின்னப் பாதிரியாருக்குக் கெட்ட முட்டை வந்துவிட்டது. பிஷப் விசாரிக்கிறார். இவரோ பயத்திலே, "இல்லீங்க, சில இடங்கள்லே ரொம்ப நல்லாயிருக்கு" என்கிறார். (சிரிப்பு) அழுகல் முட்டையிலே நல்ல இடம் ஏது? ஆனா அந்தப் பாதிரியார் முட்டை, பாதி நல்லது பாதி கெட்டது என்பதற்கே பேராகிவிட்டது. 1992இல் பஞ்ச் நின்றபோது கடைசி இதழிலே அதே படத்தை மறுபடி போட்டாங்க. இந்தத் தடவை பாதிரியார் ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்து, முட்டை கெட்டுப்போச்சுன்னு நேரா சொல்லிவிட்டார்!

அப்பாவை முட்டையோடு விட்டுட்டு வந்துட்டேன். மறுநாள் எங்க தெருவிலே இருந்த ரிட்டயர்டு வாத்தியார் அர்த்தம் சொன்னார். அப்பா நம்பவே இல்லை. "மூணு மாசத்திலே நான் அவர்கிட்டே பத்து வார்த்தைகூடப் பேசினதில்லையே, அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

பதில் சொன்னது எங்க அம்மா. "ஏங்க, அந்த பேரிங் சமாச்சாரம்?"

நடந்தது இதுதான். தப்பான சைஸ் பேரிங்கை மாட்டி மெஷின் இரண்டு நாள் நின்றுபோச்சு. துரை ஃபிட்டரைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். அப்பாவை யாரும் கேட்கவில்லை. அவராகவே ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு போய், "மாத்தி எடுத்துக் கொடுத்தது நான்தான் சார்" என்று சொல்லிவிட்டு நின்றார். துரை கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ரிஜிஸ்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்னைக்கு அப்பா முகம் எப்படி இருந்ததுன்னு அந்த ஃபிட்டர் பின்னாலே எங்ககிட்டே சொன்னார். திருடன் மாதிரி இருந்ததாம், எதிரணித் தலைவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)