காரவள்ளி மாணவரும் ஆங்கில இலக்கணமும்

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளின் அடிவாரத்தில் அமைந்த காரவள்ளியிலும், மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களிலும் தமிழே வீட்டுமொழியாக இருப்பதால், அங்குள்ள மாணவர் ஆங்கிலம் கற்கையில் எழும் ஐயங்கள் பெரும்பாலும் இரு மொழிகளின் அமைப்பு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்னும் சுட்டிடைச் சொற்களுக்கு நேரான கட்டாய இலக்கணக்கூறு தமிழில் இல்லை. ‘எ’, ‘ஆன்’ இரண்டில் எது வரும் என்பதை எழுத்தன்று, ஒலியே முடிவு செய்கிறது. ஆகவே ‘ஆன் அவர்’ (an hour) என்பதும் ‘எ யூனிவர்சிட்டி’ என்பதும் சரியானவை.

தமிழில் ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பது இயல்பாதலால், பலர் ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின் ‘அபௌட்’ சேர்க்கின்றனர். அவ்வினையோ செயப்படுபொருளை நேரடியாகவே ஏற்கும்.

சில இடங்களில் தாய்மொழியே வழிகாட்டுகிறது: ‘2015 முதல்’ எனத் தொடக்கத்தைக் குறிக்க ‘சின்ஸ்’ என்பதும், ‘பத்து ஆண்டுகளாக’ எனக் கால அளவைக் குறிக்க ‘ஃபார்’ என்பதும் வரும். எனவே, பிழையைக் கண்டிப்பதற்கு முன் அதன் தமிழ் வேரை ஆசிரியர்கள் விளக்கிக் காட்ட வேண்டும்.