கோவிட் தொற்றுக் காலத்தில் புற்றுநோய் ஏன் தாமதமாகத் தெரிந்தது?

2020 மார்ச் முதல் மே வரை, இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களில் புதிதாகப் பதிந்த நோயாளிகள் முந்தைய ஆண்டைவிட 54 சதவீதம் குறைந்தார்கள். நோய் குறையவில்லை. ஊரடங்கில் ரயிலும் பேருந்தும் ஓடவில்லை. மார்பில் தட்டுப்பட்ட கட்டியையும் வாயில் ஆறாத புண்ணையும் ‘ஊரடங்கு முடியட்டும்’ என்று பலர் பொறுத்துக்கொண்டார்கள்.

கீமோதெரபி வெள்ளணுக்களைக் குறைக்கும். அப்போது கோவிட் தொற்றினால் ஆபத்து அதிகம். அதனால் மருத்துவர்களும் சில சிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள். கட்டியோ காத்திருப்பதில்லை. அறுவை சிகிச்சை நான்கு வாரம் தாமதமானாலே இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது.

தள்ளிப்போடாமலும் இருக்க முடிந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, அந்த ஊரடங்கின் முதல் வாரங்களிலேயே 494 புற்றுநோய் அறுவை சிகிச்சைகளைச் செய்தது. அவற்றுக்குப் பின் ஒருவரும் இறக்கவில்லை.