இலெப்டான்: பெயரும் காரணமும்

அணுவினும் நுண்ணிய துகள்களுள் ஒருவகைக்கு இலெப்டான் என்பது பெயர். மெல்லியது எனப் பொருள்படும் ‘இலெப்டோசு’ என்னும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த இதனை 1948-இல் எடுத்தாண்டவர் இலியோன் உரோசன்பெல்டு என்னும் இயற்பியலறிஞர். எதிர்மின்னியின் நிறை புரோட்டானின் நிறையில் 1836-இல் ஒரு பங்கே. மியுவானின் நிறையும் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே. ஆதலின், இது பொருந்திய காரணப்பெயராகவே நின்றது.

1975-இல் மார்ட்டின் பெர்ல் குழுவினர் அறிவித்த டௌ என்னும் துகளும் இலெப்டானே. ஆயின், அதன் நிறை புரோட்டானினும் ஏறக்குறைய இருமடங்கு. புரோட்டானோ, ‘கனத்தது’ என்னும் பொருளடியாகப் பிறந்த பேரியான் என்னும் பெயருடைய வகையினது! மெல்லியது கனத்ததை விஞ்சியும் பெயர் மாறிற்றில்லை. வன்விசைக்கு உட்படாமையே இன்று இலெப்டானைப் பிற பருப்பொருள் துகள்களினின்று பிரித்துக்காட்டும் இயல்பாகக் கொள்ளப்படுகின்றது.

எள்ளின் நெய்யாகிய எண்ணெய் தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் என விரிந்தமை இதனோடு ஒக்கும். எனினும் ஒரு வேற்றுமை உண்டு. எண்ணெயில் காரணம் மறைந்தது நெடுங்கால வழக்கினால். இலெப்டானை ‘மென்துகள்’ என இன்று மொழிபெயர்ப்பின், பொய்த்துப்போன காரணத்தை நாமே புதிதாக ஏற்றியவராவோம். எனவே, மொழிபெயர்ப்பினும் ஒலிபெயர்ப்பே தக்கது என்பது எம் கருத்து. பகரமெய் தன்னொடன்றிப் பிறமெய்யொடு மயங்காதாகலின், சக்தி சத்தியானாற்போல, ‘இலெட்டான்’ என வழங்குதல் இன்னும் நன்று.