நாலு விரல் துணி

மே கடைசியில் செம்பட்டியில் என் தையல் மிஷின் ராத்திரி பத்து மணிக்கும் ஓடும். எல்லாம் பள்ளிக்கூடச் சீருடை. பாவாடைக்கு அளவெடுக்கும்போதே அம்மாமார் சொல்லிவிடுவார்கள்: "யக்கா, கீழ நாலு விரல் துணி உள்ள விட்டுத் தைங்க. அடுத்த வருசம் பிரிச்சு விட்டுக்கலாம்."

அந்தக் கண்ணோடுதான் புதுயுகம் தொலைக்காட்சியில் தமிழ் பேசிய 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' பார்த்தேன். 2009இல் வந்த கொரியத் தொடர். நாயகி ஜான்டி சலவைக் கடைக்காரர் மகள். பெரும் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஷின்ஹ்வா பள்ளிக்கு வெளுத்த சீருடையைக் கொடுக்கப் போனவள், மொட்டை மாடியிலிருந்து குதிக்கப்போன மாணவனைக் காப்பாற்றுகிறாள். விஷயம் ஊரெல்லாம் பரவிவிட, பள்ளியே அவளைச் சேர்த்துக்கொள்கிறது. கதையே ஒரு சீருடைப் பையில் தொடங்குவதால் நான் ஒரு நாள்கூட விடவில்லை.

அங்கே எஃப் ஃபோர் என்று நாலு பையன்கள். அவர்கள் கையால் சிவப்பு அட்டை வந்தால், வாங்கியவனைப் பள்ளியே விரட்டும். ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. மற்ற பிள்ளைகளெல்லாம் சீருடையில் வர, இந்த நாலு பேரும் இஷ்டத்துக்கு உடுத்தி வருவார்கள். பள்ளிக்கூடமே ஒருத்தன் வீட்டுச் சொத்து, யார் கேட்பது?

இது கொரியாக்காரர்கள் யோசித்த கதையுமில்லை. ஜப்பானில் யோகோ காமியோ என்ற அம்மா 1992இல் படக்கதையாக வரையத் தொடங்கியது. 2001இல் தைவானும், 2005இல் ஜப்பானும் தொடராக்கின. ஊர் மாறினாலும் ஏழைப் பெண் ஒருத்தி உள்ளே நுழைவது மட்டும் மாறவில்லை. நம்மைப் போன்றவர்கள் அந்த மாளிகைகளை எட்டிப் பார்க்க அவள்தானே ஜன்னல்!

அதே மாதிரித் தொடர்தான் ஸ்பெயினின் 'எலீட்', 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. இடிந்த பள்ளியிலிருந்து மூன்று பேர் பணக்காரப் பள்ளிக்குப் போவார்கள். அதையே டெல்லிக்குக் கொண்டுவந்து 2023இல் 'கிளாஸ்' என்று எடுத்தார்கள். இந்த இரண்டிலும் கொலையும் உண்டு. எனக்குப் பிடிக்கவில்லை, சாவை வைத்துத்தான் பணக்காரர்களைப் பார்க்க வைக்க வேண்டுமா? நம் விஜய் டிவியின் 'கனா காணும் காலங்கள்' 2006இல் வந்தபோது சண்டையும் சிரிப்புமே போதுமாக இருந்தது.

எங்கள் ஊர் வழியாகத்தான் திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போய்க் கொடைக்கானல் ஏறுவார்கள். மலை மேலே 1901இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய பள்ளி இன்று சர்வதேசப் பள்ளி. மலைப் பள்ளிகளுக்குப் போகிற கார்கள் செம்பட்டியில் டீ குடிக்க நிற்கும். ஒரு தடவை இறங்கிய பெண் பிள்ளையின் பாவாடையைப் பார்த்தேன். கீழ்மடிப்பு அரை விரல்தான். வளர்ந்தால் புதுசு தைத்துக்கொள்வார்கள் போல.

எங்கள் பக்கம் அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை வருசத்துக்கு நாலு செட் இலவசமாக வருகிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைப்பவை. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் என்னிடம் வருவார்கள்.

அடுத்த முறை இந்தத் தொடர்கள் கண்ணில் பட்டால், முகத்தை விட்டுவிட்டுப் பாவாடையின் கீழ்மடிப்பைப் பாருங்கள். பிரித்து விட்ட பழைய கோடு ஒன்றாவது தெரிகிறதா என்று எனக்கும் சொல்லுங்கள்.